லேண்ட்மாஸ்டரும் யானையும் ஒரே சுதியில்

கடைக்கு வருகிற பொடியன்கள் ஏ.ஐ. என்று சொன்னால் சாட்ஜிபிடியைத்தான் சொல்கிறார்கள். எங்கேயோ ஒரு நாட்டில், கட்டடம் கட்டடமாகக் கம்பியூட்டர் அடுக்கி, ஆற்றுத் தண்ணீரில் குளிரவைத்து ஓட்டுகிற சாமான் அது. எனக்கு அதில் பெரிய மோகம் இல்லை. மாத்தளையில் போன் திருத்திப் பிழைக்கிறவனுக்கு வேறு பக்கம்தான் இழுக்கும். பழைய லாப்டொப் பெட்டரியைப் பிரித்தால் உள்ளே ஆறு செல் இருக்கும், அதில் இரண்டு மூன்றுக்கு இன்னும் உயிர் இருக்கும். அந்த ஒற்றை செல்லை வைத்துக்கொண்டு, விரல் நீள போர்ட் ஒன்று மாசக்கணக்கில் காட்டோரத்தில் தனியாக நின்று எதையாவது "கேட்டு அறிந்துகொள்ள" முடியுமா? முடியும். அதற்கு டைனி எம்.எல்., அதாவது குட்டி இயந்திரக் கற்றல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பெயர் பரவியது 2019 கடைசியில் வந்த ஒரு புத்தகத்தால். பீட் வோர்டன், டேனியல் சிட்டுநாயக்க என்ற இருவர் எழுதியது. வோர்டன் அடிக்கடி சொல்கிற கதை ஒன்று உண்டு. 2014இல் கூகுளில் சேர்ந்தபோது, "ஓகே கூகுள்" என்ற சொல்லைப் பிடிக்கிற நியூரல் நெட்வேர்க் வெறும் 14 கிலோபைட் என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்களாம். காலையில் மாமாமார் வட்சப்பில் அனுப்புகிற "இனிய காலை வணக்கம்" ரோஜாப்பூப் படம் ஒன்றுக்குள் இப்படிப் பத்துப் பதினைந்து மொடலைத் திணிக்கலாம். போனின் பெரிய சிப் தூங்கிக்கொண்டிருக்கும், ஓரத்தில் ஒரு சின்னச் சிப் மட்டும் காதைத் திறந்து வைத்திருக்கும். சொல் விழுந்தால்தான் பெரியவரை எழுப்பும்.

எழுப்புகிற வேலை, தூங்குகிற வேலை. இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

வெளியூர்க்காரருக்கு மாத்தளை என்றால் வாசனைத் திரவியத் தோட்டமும் முத்துமாரியம்மன் தேரும். இரத்தோட்டை, எல்கடுவை, கம்மடுவைப் பக்கத்து எங்கள் தோட்டச் சனத்துக்கு அட்டையும் குரங்கும் போதும், யானை பற்றிக் கவலை இல்லை. ஆனால் மாவட்டத்தின் மற்றப் பாதி வேறு உலகம். நக்கிள்ஸ் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் லக்கல, வில்கமுவ, வஸ்கமுவ தேசியப் பூங்கா. வடக்கே போனால் கலேவெல, தம்புள்ளை, சிகிரியா. அங்கே இரவு ஒன்பதுக்குப் பிறகு மோட்டர் சைக்கிளில் போகிறவன் வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்துத்தான் போவான். 2023இல் நாடு முழுக்க 480க்கும் மேலான யானைகள் செத்தன, 180 பேர் அளவில் மனிதரும் செத்தார்கள். இலங்கையில் மொத்த யானையே 2011 கணக்கெடுப்பின்படி ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. கணக்குத் தெரிந்தவர்கள் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஹெட்டிபொலவில் இருந்து ஒரு அண்ணர் போன் திருத்த என்னிடம்தான் வருவார். வயலும் சேனையும் உள்ளவர், போகத்துக்கு அரைவாசி இரவைப் பரணில் கழிக்கிறவர். ஒருநாள் டிஸ்ப்ளே மாற்றிக்கொண்டிருந்தபோது கேட்டார்: "மல்லி, ஆள் கோல் எடுத்தா சத்தம் போடுற போன் இருக்கு. அலியன் வந்தா சத்தம் போடுற போன் ஒண்டு செய்ய ஏலாதா?"

ஏலும் என்று சொல்லிவிடலாம். யூடியூபில் பத்து நிமிஷத்தில் செய்து காட்டுகிறார்கள். ஆனால் அவருடைய வயலோரத்தில் அது ஒரு போகம் முழுக்க நிற்குமா என்பது வேறு கேள்வி.

முதலில் யானையின் குரல். பிளிறல் நாங்கள் நினைக்கிற அளவுக்கு அடிக்கடி வராது. யானைகள் தங்களுக்குள் அதிகம் பேசுவது அடித்தொண்டை உறுமலில். அதன் அடிச்சுருதி விநாடிக்கு 20 அதிர்வு அளவில் அல்லது அதற்கும் கீழே இருக்கும். மனிதக் காது 20க்குக் கீழே கேட்காது. 1984இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மிருகக்காட்சிச் சாலையில், திமிங்கிலப் பாட்டு ஆராய்ச்சியில் இருந்து வந்த கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர், யானைக் கொட்டிலின் பக்கத்தில் நின்றபோது காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்தார். சத்தம் இல்லை, துடிப்பு மட்டும். பதிவு செய்து வேகத்தைக் கூட்டிப் போட்டுப் பார்த்தால், யானைகள் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. அந்த யானைகள் ஆசிய யானைகள், எங்கள் யானைகளின் சொந்தக்காரர். தாழ்ந்த சத்தம் காட்டுக்குள் தேயாமல் தூரம் போகும் என்பதால் இது யானைக்கு வசதி. ஒட்டுக்கேட்க நினைக்கிற எங்களுக்கும் வசதிதான்.

இதை இலங்கையிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியில் அசங்க சாயக்கார, கசுன் டி சொய்சா, சமத் கெப்பிட்டியாகம முதலானவர்கள் சேர்ந்து "ஈலொக்" என்ற முறையை 2017இல் வெளியிட்டார்கள். மலிவான கருவிகளைப் பல இடத்தில் வைத்து, உறுமலைப் பிடித்து, யானை நிற்கிற இடத்தைக் கண்டுபிடிப்பது நோக்கம். "மலிவான" என்ற சொல்லில்தான் எனக்குக் கண். வெளிநாட்டில் இருந்து வருகிற தாழ் அதிர்வு மைக் ஒன்றின் விலைக்கு ஒரு விவசாயி இன்னொரு போகம் விதைக்கலாம்.

என் மேசையில் இருப்பது அதைவிட ஏழை. ஈ.எஸ்.பி.32 போர்ட், ஐ.என்.எம்.பி.441 என்ற பொட்டளவு மைக். அந்த மைக்கின் விபரத்தாளில் 60 ஹேர்ட்ஸில் இருந்துதான் ஒழுங்காகக் கேட்கும் என்று போட்டிருக்கிறது. யானையின் அடிச்சுருதி 18 என்றால் அது மைக்குக்குப் பாதிச் செவிடு. ஆனால் உறுமலில் அடிச்சுருதி மட்டுமா இருக்கிறது? 36, 54, 72, 90 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே வரும். சத்தத்தைப் படமாக வரைந்ததில் சீப்புப் பல் மாதிரி வரிசையாக அந்த மடங்குகளின் கோடுகள் தெரிந்தால், அடி தெரியாவிட்டாலும் அடி எங்கே என்று கணித்துவிடலாம்.

நல்ல யோசனைதான். லேண்ட்மாஸ்டர் வரும் வரைக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றி எந்தக் கட்டுரையிலும் ஒரு வரிகூட நான் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் லேண்ட்மாஸ்டர் என்று சொல்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில் இருப்பது ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின், நாலு ஸ்ட்ரோக். நிமிஷத்துக்கு 2,200 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். நாலு ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. ஆகவே நிமிஷத்துக்கு 1,100 வெடிப்பு, விநாடிக்குப் பதினெட்டுச் சொச்சம். அதாவது யானையின் அடிச்சுருதி! மடங்குகளும் அதே 36, 54, 72. கணக்கைப் போட்டுவிட்டு நான் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் இறைக்கிற சின்னப் பெற்றோல் பம்புக்கும் போட்டுப் பார்த்தேன். 3,600 சுற்று, விநாடிக்கு 30 வெடிப்பு. அதுவும் யானை உறுமலின் எல்லைக்குள்தான்.

வித்தியாசம் இல்லாமல் இல்லை. யானையின் சுருதி ஒரே உறுமலுக்குள்ளேயே ஏறி இறங்கும், வளைவாக இருக்கும். எஞ்சின் கோடு போட்ட மாதிரி நேராகப் போகும். ஆனால் சேறு இறுகிய இடத்தில் கலப்பை மாட்டினால் எஞ்சின் திணறும், சுற்றுக் குறையும், சுருதி இறங்கி மறுபடி ஏறும். படத்தில் பார்த்தால் அச்சு அசல் யானை.

மொடலை இன்னும் பெரிதாக்கினால் இதைப் பிரித்துவிடும் என்று ஒரு கம்பஸ் தம்பி சொன்னார். பிரிக்கலாம். ஆனால் அதைவிட லேசான வழி இருக்கிறது. யானை உறுமல் சில விநாடிதான் நீளும், பிறகு நிற்கும். அரை நிமிஷம் விடாமல் யாரும் உறுமினால் அவர் யானை இல்லை, எண்ணெய் குடிக்கிறவர். இந்த ஒரு நிபந்தனையை எழுத மொடல் வேண்டாம், நாலு வரி கோட் போதும். இயந்திரக் கற்றல் என்று இறங்கினால் எல்லாவற்றையும் இயந்திரமே கற்க வேண்டும் என்று ஒரு வீம்பு வந்துவிடுகிறது. சின்னச் சிப்பில் அந்த வீம்புக்கு இடமில்லை. தெரிந்ததை நாமே சொல்லிக் கொடுத்துவிட்டு, தெரியாததை மட்டும் அதனிடம் விடுவதுதான் மரியாதை. எஞ்சின் ஓடும்போதே யானை வந்தால் பெட்டி செவிடுதான். ஆனால் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு மனிதன் விழித்துக்கொண்டு நிற்பான், அந்த நேரம் பெட்டி தேவையில்லை.

ஞாபகத்தளக் கணக்கிலும் இதே கதைதான். குரலைப் பதிவதற்கு வழமையாக விநாடிக்கு 16,000 மாதிரி எடுப்பார்கள். பத்து விநாடிக்கு 320 கிலோபைட் போய்விடும். ஈ.எஸ்.பி.32இல் மொத்தமே 520 கிலோபைட், அதிலும் ஒரு பங்கை அதுவே வைத்துக்கொள்ளும். ஆனால் எனக்குத் தேவையான சத்தம் 250 ஹேர்ட்ஸுக்குக் கீழே. விநாடிக்கு 500 மாதிரி போதும். அதே பத்து விநாடி இப்போது 10 கிலோபைட். மொடலைச் சுருக்குவதற்கு எண்களை 32 பிட்டில் இருந்து 8 பிட்டுக்கு இறக்குவார்கள், கால்வாசியாகும், நல்ல விஷயம்தான். யானையைத் தெரிந்து வைத்திருந்ததால் கிடைத்ததோ முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே.

அடுத்தது கரண்ட். இதில்தான் எனக்குத் தொழில் அனுபவம்.

ஈ.எஸ்.பி.32 ஆழ்ந்த தூக்கத்தில் 10 மைக்ரோ அம்பியர்தான் எடுக்கும் என்று விபரத்தாள் சொல்லும். அதை நம்பி 3,000 மில்லி அம்பியர் மணி செல் போட்டால் வருஷக்கணக்கில் தூங்கும் என்று கணக்கு வரும். கடையில் வாங்குகிற போர்டை மீட்டரில் மாட்டிப் பாருங்கள். தூங்கும்போதே பல மில்லி அம்பியர் போகும். சிப் பொய் சொல்லவில்லை. அதற்குப் பக்கத்தில் இருக்கிற ஏ.எம்.எஸ்.1117 ரெகுலேட்டர் சும்மா இருப்பதற்கே 5 மில்லி அம்பியர் அளவில் கேட்கும், சிவப்பு பவர் லைட் தன் பங்குக்கு ஒன்று. மொத்தம் 6 என்று வைத்தால், ஒன்றுமே செய்யாமல் 500 மணி நேரத்தில், அதாவது மூன்று கிழமையில் செல் காலி. லைட்டை சூட்டுக் கோலால் கழற்றி எறிந்து, ரெகுலேட்டரைச் சும்மா இருக்கத் தெரிந்த வேறொன்றாக மாற்றுவதுதான் என்னைப் பொறுத்தவரை டைனி எம்.எல்.லின் முதல் பாடம். எந்தப் பல்கலைக்கழகமும் இதற்குப் புள்ளி போடாது.

விழித்திருந்து கேட்டால் இன்னும் மோசம். வைஃபை இல்லாமலே சிப் 50 மில்லி அம்பியர் அளவுக்கு எடுத்தால் 60 மணி நேரம், இரண்டரை நாள். செய்தி அனுப்புவது அதற்கும் மேலே. வைஃபை அனுப்பும்போது 240 வரை ஏறும். சிம் போடுகிற சிம்800எல் மொடியூல் நெட்வேர்க்கைத் தேடும்போது 2 அம்பியர் வரை இழுத்துவிடும், கிழட்டு செல் என்றால் அந்த இழுப்பிலேயே வோல்டேஜ் விழுந்து போர்ட் ரீசெட் ஆகும். இதனால்தான் சத்தத்தை அப்படியே மேலே அனுப்பி அங்கே இருக்கிற பெரிய மூளை யோசிக்கட்டும் என்ற வழி காட்டில் எடுபடாது. யோசிப்பது மலிவு, பேசுவது விலை. இங்கேயே யோசித்து "யானை" என்று ஒரு சொல்லை லோரா ரேடியோவில் எறிந்துவிட்டு மறுபடி படுத்துவிட வேண்டும். லோரா வயல்வெளியில் கிலோமீட்டர்கள் போகும். நக்கிள்ஸின் ஒரு மடிப்பு குறுக்கே வந்தால் போகாது.

காட்டில் நின்று கேட்கிற பெட்டி புதிதில்லை. இங்கிலாந்தில் ஓடியோமோத் என்றொரு பெட்டி செய்தார்கள், மூன்று பென் டோர்ச் பெட்டரியில் ஓடும், காட்டுச் சத்தம் பதிகிறவர்களிடம் உலகம் முழுக்க இருக்கிறது. அழிந்துவிட்டதோ என்று பயந்த ஒரு சிள்வண்டைத் தேடப் பிறந்தது அது, பிறகு பெலீஸ் காட்டில் வேட்டைத் துப்பாக்கிச் சத்தம் பிடிக்கவும் வைத்தார்கள். 2020இல் யானைக் கழுத்துப் பட்டிக்குள்ளேயே மொடல் ஓட்டுவதற்கு எலிஃபன்ட்எட்ஜ் என்று ஒரு போட்டியும் நடந்தது. பட்டி எனக்கு உதவாது. அண்ணருடைய வயலுக்கு வருகிறவர் பட்டி போட்டுக்கொண்டு வருகிறவர் இல்லை.

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குடும்பமாகத் திரிகிற பெண் யானைகளும் குட்டிகளும்தான் ஓயாமல் பேசுகிறவர்கள். பயிருக்குள் இறங்குவது பெரும்பாலும் வயது வந்த ஆண். தனியன். இரவு இரண்டு மணிக்கு நெல் மூடை இருக்கிற அறையின் சுவரைத் தள்ளுகிறவர் அதற்கு முன் யாருக்கும் கோல் எடுத்துவிட்டு வருவதில்லை. ஒட்டுக்கேட்கிற பெட்டி எவ்வளவு கெட்டிக்காரப் பெட்டியாக இருந்தாலும் பேசாதவரைப் பிடிக்காது.

அதனால் இப்போது என் கவனம் மைக்கில் இருந்து மண்ணுக்குப் போயிருக்கிறது. ஜியோஃபோன் என்று ஒன்று, பூமியதிர்ச்சி, எண்ணெய் ஆய்வுக்காரர் பாவிப்பது. சுருளுக்குள் காந்தம், அவ்வளவுதான். தரை அசைந்தால் தானே கரண்ட் பிறக்கும், அதற்கென்று பெட்டரி வேண்டாம். சிப் அசையாமல் தூங்கட்டும், தரை ஒரு அளவுக்கு மேல் அதிர்ந்தால் மட்டும் எழும்பி, இது மாடா, மனிதனா, மூன்று நாலு டொன் ஆளா என்று மொடலைக் கேட்கட்டும். மாடும் யானையும் காலடி வைக்கிற தாளமே வேறு. தூரம் மட்டும் குறைவு, காலடியை நம்பி சில பத்து மீட்டருக்குத்தான் பேசலாம். ஆனால் மின்வேலி ஓரத்திலும் பழகின யானைப் பாதையிலும் அது போதும்.

எதை வைத்தாலும் கடைசியில் ஒரு கணக்கில் வந்து மாட்டிக்கொள்வோம். மொடல் 99 வீதம் சரி என்று சொன்னால் கை தட்டுவார்கள். பத்து விநாடிக்கு ஒரு தடவை மைக் பெட்டி "யானையா இல்லையா" என்று தீர்மானித்தால் நாளுக்கு 8,640 தீர்மானம். யானை வராத நாளில் அதில் நூற்றில் ஒன்று பிழைத்தால் 86 பொய். இரவில் மட்டும் நாற்பதுக்கு மேல். ஐந்து நிமிஷத்துக்குள் மூன்று தடவை பிடித்தால் மட்டும் சொல் என்று கட்டளை போட்டால் பொய் வெகுவாகக் குறையும், ஆனால் ஒரே தடவை உறுமிவிட்டு வருகிற நிஜ யானையும் சில வேளை தப்பிவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் குறைக்கிற மந்திரம் யாரிடமும் இல்லை.

எங்கே நிறுத்துவது? இதை நான் அண்ணரிடமே கேட்டேன். அவர் யோசிக்காமல் சொன்னார்: "ராவைக்கு ஒருக்கா பொய் சொன்னா மன்னிக்கலாம் மல்லி. எங்கட நாயும் அப்பிடித்தான். நாலு தரம் குரைச்சா நான் எழும்ப மாட்டன், பிறகு உண்மையா வந்தாலும் எழும்ப மாட்டன்." ஆராய்ச்சிக்காரர் பக்கம் பக்கமாக எழுதுகிற விஷயம் இது. பெட்டியின் பக்கத்தில் ஒரு திருகு வைத்து, எவ்வளவு பயப்பட வேண்டும் என்பதை அவரவரே திருப்பிக்கொள்ளும்படி விடப் போகிறேன். குழந்தை குட்டி உள்ள வீடு ஒரு பக்கம் திருப்பும், ஒற்றை ஆள் பரண் மறுபக்கம் திருப்பும். போர்டில் அதற்கு ஒரு கால் மிச்சம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் பக்கம் மதுக்கரையில் ரயில் பாதைக்கு யானை வராமல் பார்க்க 2024 பெப்ரவரியில் 12 கோபுரம் கட்டி வெப்பக் கமரா போட்டார்கள், 7.24 கோடி இந்திய ரூபா. அது சரியான இடம். பாதை ஒன்று, நீளம் தெரிந்தது, கரண்ட் உண்டு, எச்சரித்தால் நிறுத்த ஒரு ட்ரைவர் இருக்கிறார். 2025 பெப்ரவரியில் மின்னேரிய, ஹபரணைப் பக்கம் மீனகயா ரயில் யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானை செத்தபோது எனக்கு மதுக்கரைதான் ஞாபகம் வந்தது. இங்கேயும் செய்யலாம், பணம்தான் கேள்வி. வில்கமுவ வயலோரம் அப்படி இல்லை. எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யானைக்கும் தெரியாது, பிரதேச செயலகத்துக்கும் தெரியாது. அங்கே கோபுரம் கட்ட முடியாது, சின்னச் சின்னப் பெட்டியாகத்தான் தூவ வேண்டும்.

தூவினால் யார் பார்ப்பது? காட்டோர நிழலில் சோலார் தகடு சோம்பிப் போகும். பெட்டிக்குள் எறும்பு குடியேறும். குரங்கு இருக்கிறதே, மூடியைத் திறக்கத் தெரியாவிட்டால் பெட்டியையே கழற்றிக்கொண்டு போய்விடும். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் நாடே வெளியே நின்று குரங்கும் மயிலும் மரஅணிலும் எண்ணியதே, அந்தக் குரங்குகளில் என் பெட்டியைத் தின்னாதது எது என்று மட்டும் யாரும் எண்ணவில்லை.

இன்னொன்றிலும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பெட்டி யானையைப் பயமுறுத்தக் கூடாது. சைரன், லைட், வெடிச்சத்தம் எல்லாம் யானைக்குச் சில நாளில் பழகிவிடும். "யானை வெடி" என்று கொளுத்துகிற வெடிக்குப் பழகாத யானையா இருக்கிறது இப்போது? மனிதனுக்கு மட்டும் சொன்னால் போதும். வஸ்கமுவ ஓரத்தில் இலங்கை வனஜீவராசிகள் பாதுகாப்புச் சங்கம் தோடை மரம் நட்டுக் கொடுக்கிறது, தோடை வாசம் யானைக்குப் பிடிக்காது என்பதால். யானை கடக்கிற பாதையில் பிள்ளைகள் நடந்து போகக் கூடாது என்று பஸ்ஸும் ஓட்டுகிறது. மொடல் இல்லை, சிப் இல்லை, வேலை செய்கிறது. என் பெட்டி அந்த பஸ் ட்ரைவரின் போனுக்கு "பாதையில் நிற்கிறது, பத்து நிமிஷம் பொறு" என்று ஒரு சொல் அனுப்பினால் அதுவே எனக்குப் பெரிய காரியம்.

இப்போதைக்கு இருக்கிற தட்டுப்பாடு யானைச் சத்தம் இல்லை. ஆய்வாளர் ஷெர்மின் டி சில்வா உடவளவையில் பதிந்த ஆசிய யானைக் குரல்கள் 57 மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, பாதிக்கும் மேல் எது எந்த ஒலி என்று குறித்துவைத்தது. 2010இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மனித மொழிகளின் ஒலிப்பதிவு சேர்க்கிற அமைப்புத்தான் அதை வெளியிட்டது. எனக்கு இல்லாதது யானை இல்லாத சத்தங்கள். லேண்ட்மாஸ்டர், பம்பு, நெல் குத்துகிற மில், தூரத்து லொறி, கோயில் ஜெனரேட்டர், தகரக் கூரையில் காற்று. மாத்தளை, தம்புள்ளை, கலேவெலப் பக்கம் இருக்கிறவர்கள் போனை எஞ்சினில் இருந்து ஐம்பது, நூறு மீட்டர் தள்ளி வைத்து இரண்டு நிமிஷம் பதிந்து அனுப்புங்கள். வட்சப் வொய்ஸ் மெசேஜாக வேண்டாம், அது தாழ்ந்த சத்தத்தை வெட்டிவிடும். ரெக்கோர்டர் ஆப்பில் வேவ் ஃபைலாகப் பதிந்து டொக்கியுமென்டாக அனுப்புங்கள். உழுதுகொண்டிருக்கும்போது சேற்றில் மாட்டித் திணறுகிற லேண்ட்மாஸ்டர் கிடைத்தால் அதை முதலில் அனுப்புங்கள்.